கவுனுக்கு லக்கேஜ் சார்ஜ் உண்டா?

நடுவர் அய்யாவுக்கும் கிருஷ்ணகிரி மக்களுக்கும் வணக்கம், மாம்பழ சீசன்ல கூப்பிட்டதுக்கு தனி வணக்கம்.

தலைப்பு தெரியும்ல, பொண்ணுங்க மனசுல ஆசைய வளர்க்கிறது ஃபேஷன் ஷோ ரேம்ப்ல வர்ற டிசைனர் கவுனா, நம்ம பட்டுச்சேலையான்னு. நான் கவுன் பக்கம். எதிரணி அண்ணன் இப்ப என்ன கேட்டுட்டு உக்காந்தாரு? "அந்த ஃப்ரில்லு, நெட்டு, பஃப் கை எல்லாம் மாட்டிக்கிட்டு டவுன் பஸ்ல ஏற முடியுமா?"ன்னு. நீங்களும் கை தட்டுனீங்க, பாத்தேன்.

அண்ணே, ஏறுனா! எங்க சின்னம்மா பொண்ணு ஏறுனா! ரிசப்ஷனுக்கு ஒரு பாரிஸ் ஷோ போட்டோவ போன்ல காட்டி, பர்கூர்ல நெட் துணி எடுத்து, டெய்லர் அண்ணன் "கொசுவலையா பாப்பா?"ன்னு கேட்டும் அசராம தெச்சா. காவேரிப்பட்டணத்துல இருந்து மண்டபத்துக்கு வர்ற வழியில கார் பஞ்சர், முகூர்த்த நாள், ஒரு ஆட்டோ இல்ல, வந்தது டவுன் பஸ்சு. ஏறிட்டா. பாதி கவுன் இன்னும் படியில. கண்டக்டர் ஏற இறங்க பாத்துட்டு சொன்னாரு, "பொம்பளைங்களுக்கு ஃப்ரீதாம்மா, ஆனா இந்த துணிக்கு லக்கேஜ் போடணும்!"

சிரிக்காதீங்க, முடியல. இவ விடுவாளா? "அண்ணே, 2021லயே பெண்களுக்கு டிக்கெட் இல்லன்னு சொல்லியாச்சு, கவுனு பொண்ணு மேலதான இருக்கு?" பஸ்சே கைதட்டுச்சு! லக்கேஜாம், லக்கேஜு!

வீண்செலவுன்னும் சொன்னாரு அண்ணன். 1947 பிப்ரவரியில பாரிஸ்ல கிறிஸ்டியன் டியோர்னு ஒரு டிசைனர் மொத ஷோ போட்டப்பவும் இதே பேச்சுதான். ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சு ரெண்டு வருஷம்கூட ஆகல, துணிக்கே பஞ்சம், அந்தாளு இடுப்ப சிறுசாக்கி மீட்டர் மீட்டரா பாவாடை விட்டாரு. சிகாகோல பொண்ணுங்களே போர்டு புடிச்சு எதிர்த்தாங்க. ஆனாலும் போர் காலம் பூரா பட்டாளத்துக்காரன் மாதிரி தோள்பட்டை வெச்ச கோட்டு போட்டவளுக்கு ஒரு நாளாச்சும் சுத்தி ஆடணும்னு தோணாதா? அதுக்குத்தான் அந்த கவுனு. வசந்தகால துணிய ஆறு மாசம் முன்னாடியே செப்டம்பர்ல ரேம்ப்ல விடறதும் அதுக்குத்தான், ஆசப்பட டைம் வேணும்ல. பிப்ரவரியில காதலர் தினத்துக்கு நம்ம ஓசூர் ரோஜா ஃப்ளைட் ஏறுதே, அத வீண்செலவுன்னு சொல்வீங்களா?

சரி, மணி அடிச்சுட்டீங்க, ஒண்ணே ஒண்ணு.

எங்கம்மா கல்யாணமான புதுசுல பஃப் கை வெச்சு ஒரு ஜாக்கெட் தெச்சாங்க. எங்க ஆயா பாத்துட்டு "கூத்துக்கா போற?"ன்னு ஒரு வார்த்த. அன்னிக்கு ராத்திரியே அம்மா உக்காந்து தையல பிரிச்சு கைய சாதா கையா ஆக்கிட்டாங்க. அப்புறம் எனக்கு, என் தங்கச்சிக்கு, அக்கம்பக்கத்து பிள்ளைங்களுக்கெல்லாம் பஃப் வெச்சு தெச்சாங்க. தனக்கு வெக்கல. ரிசப்ஷன் அன்னிக்கு அந்த கவுன் கைய தடவிப் பாத்துட்டு, "நல்லா நிக்குதுடி"ன்னாங்க, அவ்ளோதான்.

அம்மா மூணாவது வரிசையில இருக்காங்க, நடுவர் அய்யா. அண்ணன் அணிக்கே தீர்ப்பு குடுங்க, பரவால்ல. வர்ற வெள்ளிக்கிழமை பர்கூர் போறோம், "இந்த வயசுல எனக்கு எதுக்குடி"ன்னு சொல்லக்கூடாதுன்னு மட்டும் மைக்ல ஒரு வார்த்த சொல்லிடுங்க, நீங்க சொன்னா கேப்பாங்க.