ஒன்பதாவது படிவரை படித்தவர்

வணக்கம் நண்பர்களே. இன்று அல்சூர் ஏரிக்கரையில் உட்கார்ந்து பேசுகிறேன். காற்று பலமாக வீசுகிறது, குரல் தேய்ந்தால் ஒலியைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். ஒரே அலுவலகத்தில் முட்டி மோதிக்கொள்ளும் இரண்டு பேர் கடைசியில் காதலர்களாகும் கதைகளைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. அந்த வகைக் கதை எங்கே கிடைத்தாலும் ராத்திரி தூக்கத்தை விட்டுவிட்டுப் படிப்பவள் நான். அது ஏன் என்று எனக்கே விளங்கியது போன வருடம்தான்.

நான் மென்பொருள் சோதனையாளர். நிரல் எழுதுகிறவர்கள் முடித்துவிட்டோம் என்று கொடுப்பதில் குறை கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. இந்த இரண்டு தரப்புக்கும் ஆகாது என்பது பெங்களூரில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் தெரியும். நான் ஒரு பிழையைப் பதிவு செய்வேன். "இது பிழையில்லை, இப்படித்தான் இயங்க வேண்டும்" என்று எழுதி மூடிவிடுவார்கள். நான் மறுபடி திறப்பேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒருவர் இருந்தார், அவரும் தமிழர்தான். ஒரே ஒரு பிழைக்காக மூன்று வாரம் சண்டை போட்டோம். அந்தப் பிழை எப்படி வருகிறது என்று 14 படிகளாக எழுதியிருந்தேன். அவர் பதில் எழுதினார்: "ஒன்பதாவது படியில் மொழியை மாற்றிவிட்டுப் பின்னால் போகிறீர்கள். யார் அப்படிச் செய்வார்கள்?" எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அன்று மாலை சில்க் போர்டு நெரிசலில் பஸ் நின்றுகொண்டிருந்தபோதுதான் உறைத்தது. நான் எழுதியதை ஒன்பதாவது படிவரை படித்த ஒரே மனிதர் அவர்தான். மேலாளர் தலைப்போடு நிறுத்திக்கொள்வார். தோழிகள் "நன்றாக இருக்கிறது" என்பார்கள். என்னைத் தோற்கடிக்க நினைத்தவர் மட்டும் வரி வரியாகப் படித்திருந்தார்.

எங்களுக்குள் காதல் ஒன்றும் வரவில்லை, அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். ஆனால் அவர் போன பிறகு அவ்வளவு கவனமாக ஓர் அறிக்கை எழுத எனக்குப் பல மாதம் மனம் வரவில்லை. அந்தக் கதைகளில் நான் தேடுவது என்ன என்று அப்போது புரிந்தது. வெறுப்புக்கும் காதலுக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளிதான் என்று சொல்வார்களே, அதை நான் நம்பவில்லை. வெறுப்பவர்கள் நம் பக்கம் திரும்புவதே இல்லை. போட்டியாளர் அப்படி இல்லை. நாம் எதில் கெட்டிக்காரர், எந்த இடத்தில் அவசரப்படுவோம் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. வீட்டில் இருப்பவர்களுக்குக்கூட நம் வேலையைப் பற்றி அவ்வளவு தெரியாது. ஒருத்தியின் திறமையை முழுசாக அறிந்த ஒருவன் அவளைக் காதலிக்கிறான் என்னும்போது எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

இதை மேல்நாட்டுச் சரக்கு என்று யாராவது சொன்னால் 'தில்லானா மோகனாம்பாள்' படத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர், 1968-இல் படமானது. நாதஸ்வர வித்வானும் நாட்டியக்காரியும் ஒரே மேடைகளில், ஒரே ரசிகர்களுக்காகப் போட்டியிடுகிறவர்கள். இதைவிட அசலான தொழில் போட்டி உண்டா? அவன் அவள் ஆட்டத்தை மறைந்திருந்து பார்க்கிறான். அவன் மறைந்திருப்பது தெரிந்தே அவள் ஆடுகிறாள். திருவாரூர்ப் போட்டி முடிவில் 'தில்லானா' என்ற பட்டத்தை அவளுக்குக் கொடுப்பது யார்? அவன்தான். சபையில் எத்தனை பெரிய மனிதர்கள் இருந்தாலும் அந்த வாய் சொன்னால்தான் அவளுக்கு மதிப்பு. அந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் கண் கலங்கிவிடும்.

இதோ, ஏரிக்குப் பக்கத்தில்தான் வள்ளுவர் சிலை இருக்கிறது. 1991-இல் வைத்த சிலை, 18 வருடம் மூடியே கிடந்து 2009 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது. அதே மாதம் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலையைத் திறந்தார்கள். இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் அது நினைவுக்கு வந்துவிடுகிறது. விஷயத்துக்கு வருகிறேன். வள்ளுவர் 1330 குறளையும் முடித்தது ஊடலில்தான். ஊடல் காதலுக்குப் பிறகு வருவது, போட்டி காதலுக்கு முன்னால் வருவது, இரண்டும் ஒன்றில்லை. ஆனாலும் அளவு பற்றி அவர் சொன்னது இந்தக் கதைகளுக்கு அப்படியே பொருந்தும்: "உப்பமைந் தற்றால் புலவி அதுசிறிது மிக்கற்றால் நீள விடல்." 1302-ஆவது குறள். ஊடல் உணவில் உப்பு மாதிரி, நீட்டிக்கொண்டே போனால் உப்பு கரித்துவிடும். முந்நூறு பக்கத்துக்குச் சீண்டலும் முகத் திருப்பலும் மட்டுமே இருக்கும் நாவல்களை நான் பாதியில் மூடியிருக்கிறேன். ஒவ்வொரு சண்டையிலும் எதிராளியைப் பற்றிப் புதிதாக ஒன்று தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அது வெறும் இரைச்சல்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். முதலாளி கீழே வேலை செய்பவளை எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்துகிறான், பிறகு அதற்குள் காதல் இருந்தது என்கிறார்கள். அதைப் போட்டி என்று சொல்லாதீர்கள். அவளால் திருப்பி அடிக்க முடியாது, மாதச் சம்பளம் அவன் கையில் இருக்கிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிராக 2013-இல் நம் நாட்டில் சட்டம் வந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் விசாரணைக் குழு இருந்தே ஆக வேண்டும். அந்தக் குழுவின் முன் போய் நிற்க வேண்டிய ஆளைக் கதாநாயகன் ஆக்குவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. இருவரும் சமமாக நிற்க வேண்டும். அதேபோல், காதல் வந்த கையோடு பதவி உயர்வை அவள் விட்டுக்கொடுக்கிறாளே, அந்த முடிவும் எனக்கு வேண்டாம். எந்தத் திறமையைப் பார்த்து அவன் மயங்கினானோ அதையே விடச் சொல்வது என்ன நியாயம்?

நம் மொழியில் இந்தக் கதையை எழுதுகிறவர்களுக்கு ஆங்கிலத்தில் கிடைக்காத ஒரு கருவி இருக்கிறது. நீங்கள், நீ. இந்த ஊர் அலுவலகத்தில் இரண்டு தமிழர்கள் கூட்டம் முழுக்க ஆங்கிலத்தில் மோதிக்கொள்கிறார்கள். கோபம் தலைக்கேறும்போது ஒருவர் வாயிலிருந்து தமிழ் வந்துவிடுகிறது, அப்போதும் "நீங்கள்"தான். "உங்களுக்கு என்னதான் வேண்டும்?" என்று கேட்கும்போது அந்த மரியாதையில் எவ்வளவு சூடு இருக்கிறது பாருங்கள். அது என்றைக்கு "உனக்கு" ஆகிறது, யார் முதலில் சொல்கிறார்கள், சொன்னதைக் கவனித்தார்களா, கவனித்தும் திருத்தாமல் விட்டார்களா? முத்தக் காட்சியே வேண்டாம், எனக்கு இது போதும்.

இரண்டு மாதமாக நானே ஒரு கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவள் சோதனையாளர், அவன் நிரல் எழுதுபவன். ஒரே தகுதி, ஒரே சம்பளம். காலியாக இருப்பது ஒரே ஒரு குழுத் தலைவர் பதவி. ஏழு அத்தியாயம் முடிந்துவிட்டது. நேற்று இரவு எழுதியதில், அவள் பதிவு செய்த பிழையை அவன் பதினோராம் முறையாக மூடுகிறான். மூடும்போது காரணம் எழுத வேண்டிய கட்டத்தில் முதல் முறையாகத் தமிழில் எழுதுகிறான்: "சாப்பிட்டீர்களா?" அவள் அந்தப் பிழையை மறுபடி திறக்கிறாள்.