நாலாம் வருசத்துச் சோறு

அன்பான நேயர்களே, வணக்கம்.

ராபின்சன் குருசோவின் கதையைச் சுருக்கமாகவேனும் கேட்காதவர்கள் நம்மில் குறைவு. கப்பல் உடைந்து, தனித்தீவில் ஒதுங்கி, 28 வருசம் தாக்குப்பிடித்தவன். டேனியல் டீஃபோ 1719இல் எழுதிய கதை. அவனுடைய மனத்திடத்துக்கு உதாரணம் கேட்டால், மணலில் கண்ட காலடித்தடத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது வேறு இடம். மட்டக்களப்பின் படுவான்கரையில் வயல் வரம்போடு வளர்ந்ததால் அது என் கண்ணில் பட்டதோ என்னவோ.

கப்பலில் கோழிக்குத் தீனி வைத்திருந்த பை ஒன்று. எலி தின்றது போக உமிதான் மிச்சம் என்று நினைத்து, அதைப் பாறையடியில் உதறிவிடுகிறான். அப்புறம் மழை. ஒரு மாதம் போனதும் பார்த்தால் பச்சையாக முளை! பத்துப் பன்னிரண்டு பார்லிக் கதிர், பக்கத்திலேயே கொஞ்சம் நெல். ஆம், நெல்லும்தான். கடவுளே அனுப்பினார் என்று கண்கலங்குகிறான். பையை உதறியது பிறகுதான் நினைவுக்கு வருகிறது.

சரி, விளைந்ததை என்ன செய்தான்? ஒரு மணிகூட வாயில் போடவில்லை. மூன்றில் இரண்டு பங்கை விதைத்தான். பருவம் தெரியாமல் வறட்சியில் விதைத்ததால் ஒன்றும் முளைக்கவில்லை. கையில் ஒரு பிடி மிச்சம் வைத்திருந்தானே, அதுதான் காப்பாற்றியது. அதை மழைக்கு முன் விதைத்தான், அறுத்தான், திரும்பவும் விதைத்தான். அந்தத் தானியத்தைச் சாப்பிட்டது நாலாம் வருசம். நாலாம் வருசம், நேயர்களே! அதுவும் அளந்து அளந்து.

அவன் பட்டினி கிடக்கவில்லை. ஆட்டிறைச்சி இருந்தது, ஆமை இருந்தது. ஆனால் மூன்று நாள் சோறில்லாமல் கிழங்கு மட்டும் தின்று பாருங்கள், வயிறு நிறைந்தாலும் மனம் சோற்றைத்தான் கேட்கும். அவனுக்கு அது ரொட்டி.

1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு அடித்த சூறாவளியை மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து மூத்தவர்கள் மறக்கமாட்டார்கள். விடிந்தபோது எங்கள் வீட்டுக்குக் கூரை இல்லை, வளவில் நிமிர்ந்து நின்ற தென்னை ஒன்றுகூட இல்லை. சிறுபோகத்துக்கு எடுத்து வைத்த விதைநெல் இரண்டு மூட்டையும் நனைந்து கிடந்தது. நனைந்த நெல் முளைத்துவிட்டால் எல்லாம் போச்சு. அம்மம்மா அழுதுகொண்டு உட்காரவில்லை. வெயில் எட்டிப் பார்த்தால் பாயில் பரப்புவார், முகில் கறுத்தால் அள்ளுவார். நடுவில் ஒரு மணியை எடுத்துக் கடைவாயில் வைத்துக் கடிப்பார். நசிந்தால் திரும்பவும் வெயிலுக்கு. ‘டிக்’ என்று உடைந்தால்தான் சாக்குக்குள் போகும்.

நாங்கள் விழுந்த தென்னையின் குருத்தையும் மரவள்ளிக் கிழங்கையும் தின்றுகொண்டிருந்தோம். “ஒரு சுண்டு மட்டும் குத்துவமே அம்மம்மா” என்று கெஞ்சினேன். “சித்திரையில எத விதைக்கிற மனே?” என்றார். மறுநாளும் கேட்டேன், அதே பதில். அதற்கு மறுநாளும் கேட்டேன். ஒரு பிள்ளை பசியோடு கேட்க, ஒவ்வொரு நாளும் புதிதாக மறுக்க வேண்டியிருந்ததே, அந்த மனுசிக்கு எப்படி இருந்திருக்கும்! குருசோவிடம் கேட்க அப்படியொரு பிள்ளை இல்லை. இந்த ஒரு விசயத்தில் அம்மம்மாவைத்தான் நான் அவனுக்கு மேலே வைப்பேன்.

இதே குருசோதான் பெரிய மரமொன்றை இருபது நாள் வெட்டிச் சாய்த்து, மாதக்கணக்கில் குடைந்து தோணி செய்தவன். கடைசியில் தண்ணீருக்கு இழுக்க முடியாமல் அப்படியே விட்டான். அதையும் விரிவாகச் சொல்ல நினைத்தேன். கண்ணாடிக்கு அப்பால் தம்பி கையைக் காட்டுகிறார், இரண்டு நிமிசம்தான் இருக்கிறதாம்.

அப்படியானால் ரொபர்ட் நொக்ஸைச் சொல்லி விடுகிறேன். இது கற்பனையில்லை, நமது கிழக்குக் கரையில் நடந்தது. 1660இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது வருசம் கைதியாக இருந்த ஆங்கிலேய மாலுமி. தகப்பனும் கூடவே பிடிபட்டு அங்கேயே காய்ச்சலில் இறந்தார். நொக்ஸ் தொப்பி பின்னி விற்றார். கையில் சேர்ந்த நெல்லை, தின்று தீர்க்காமல் ஊராருக்குக் கடனாகக் கொடுத்து வட்டியோடு திருப்பி வாங்கினார். பாருங்கள், இங்கேயும் நெல்தான்! 1679இல் காட்டு வழியாக மன்னார்ப் பக்கம் அரிப்புக் கோட்டைக்குத் தப்பி வந்தார். அவருடைய புத்தகம் 1681இல் வெளிவந்தது. குருசோ கதைக்கு 38 வருசம் முன்பு. அவர் தப்பி வந்த வழியைச் சொல்ல நேரமில்லை. வணக்கம்.