கழிப்பறைச் சாவியும் கரும்பொருளும்

[காட்சி: புரட்டாசி இரவு. மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம். கோயில் வாசலில் தொலைநோக்கி, நீண்ட வரிசை.]

வணக்கம். நான் வானியலாளர். ஊருக்கு வரும்போதெல்லாம் ஒரு தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு வருவேன். கோள்களுக்குக் கோயில் கட்டிய மண் இது. சனியைக் காட்டுகிறேன் என்றால் கூட்டத்துக்குக் குறைவா? பிடித்தால் விடாது என்று சனிக்குப் பயந்தவர்கள், வளையத்தைப் பார்த்த பிறகு தொலைநோக்கியை விடவில்லை.

ஆனால் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் மேலத்தெருக்காரர்கள். காலனியிலிருந்து ஒருவரும் வரவில்லை. “எல்லாரும் வரலாம் என்றுதானே அறிவித்தோம்?” என்றேன். நண்பர் பதில் சொல்லாமல் கோயிலைத் திரும்பிப் பார்த்தார். எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அடுத்த முறை பள்ளி மைதானம். இரண்டு பக்கத்து ஆட்களும் வந்தார்கள். எட்டு மணி ஆனதும் சிறுமிகள் ஒவ்வொருவராக நழுவினார்கள். இருட்டுக்குப் பயமில்லை. கழிப்பறை பூட்டியிருந்தது, சாவி யாரிடம் என்று தெரியவில்லை.

[காட்சி: அமெரிக்கா, பாலோமர் மலை. 5 மீட்டர் தொலைநோக்கியின் வெண்ணிறக் கூடம்.]

இது நம்மூர்ப் பூட்டு மட்டுமல்ல. பாலோமரில் பெண்களை அனுமதிக்காததற்குச் சொல்லப்பட்ட காரணமும் கழிப்பறைதான். 1965-இல் முறையான அனுமதியோடு அங்கே வானத்தை ஆராய்ந்த முதல் பெண் வேரா ரூபின். காகிதத்தில் ஒரு பாவாடை வெட்டினார். கழிப்பறைக் கதவில் இருந்த ஆண் உருவத்தின் மேல் ஒட்டினார். அவ்வளவுதான், பெண்கள் கழிப்பறை வந்துவிட்டது!

அவர் என்ன கண்டார் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

[வரைபடம்: சூரியனைச் சுற்றும் கோள்கள்.]

சூரியனுக்கு அருகில் உள்ள புதன் நொடிக்குச் சுமார் 47 கிலோமீட்டர் ஓடுகிறது. கடைக்கோடி நெப்டியூனுக்கு 5 கிலோமீட்டர் சொச்சம்தான். விலக விலக ஈர்ப்பு தளரும், வேகமும் தளரும். கோடிக்கணக்கான விண்மீன்கள் சேர்ந்து சுழலும் ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலத்தின் ஓரத்திலும் அப்படித்தான் இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். ரூபினும் அவருடைய சக ஆய்வாளர் கென்ட் ஃபோர்டும் 1970-இல் வெளியிட்ட அளவீட்டில் ஓரத்து வேகம் அப்படிச் சரியவில்லை. பிற மண்டலங்களிலும் பின்னர் இதே கதைதான். அந்த வேகத்துக்கு ஓரத்தில் உள்ளவை பிய்த்துக்கொண்டு போயிருக்க வேண்டும். போகவில்லை என்றால், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று இழுத்துப் பிடித்திருக்கிறது. அதற்குக் கரும்பொருள் என்று பெயர். அது என்ன பொருள் என்பது இன்றுவரை புதிர்.

ஜோசலின் பெல் பர்னல் இன்னொருவர். கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, தான் அங்கே ஒட்டாதவள், எப்போது வேண்டுமானாலும் அனுப்பிவிடுவார்கள் என்ற அச்சத்தில், ஒரு கீற்றையும் விடாமல் ரேடியோ தொலைநோக்கியின் பதிவுத் தாள்களைத் துருவியதாக அவரே சொல்லியிருக்கிறார். 1967-இல் அப்படிச் சிக்கியதுதான் முதல் துடிவிண்மீன் (பல்சர்): சீரான இடைவெளியில் ரேடியோ துடிப்புகளை அனுப்பும் விண்மீன். 1974-இல் நோபல் அவருடைய வழிகாட்டிக்குப் போனது. 2018-இல் தனக்குக் கிடைத்த 30 லட்சம் டாலர் பரிசை, பெண்களும் சிறுபான்மையினரும் அகதிகளும் இயற்பியலில் ஆராய்ச்சி செய்ய உதவித்தொகையாகக் கொடுத்துவிட்டார்.

பன்மைத்துவம், எல்லாரையும் உள்ளடக்குதல் என்று கருத்தரங்குகளில் நானும் முழங்குகிறேன். முக்கால்வாசி நேரம் விஷயம் இடத்தையும் பூட்டையும் பற்றியதுதான்.

[காட்சி: சம்பா அறுத்த வயல். தெற்கு அடிவானம்.]

அடுத்து மாசியில் கூடுகிறோம், அதே மைதானத்தில். இரவு எட்டரை மணிவாக்கில் தெற்கே பாருங்கள்: அகத்தியர் விண்மீன். கமண்டலத்தில் காவிரியை வைத்திருந்தாரே, அவர் பெயரில் உள்ளதுதான். இரவு வானின் விண்மீன்களில் மிகப் பிரகாசமான சிரியசுக்கு அடுத்த ஒளி அதனுடையது. நம் பக்கம் மலை கிடையாது. தென்னை மறைத்தால்தான் உண்டு.

சாவியை இப்போதே வாங்கிவிட்டேன். என் பையில் இருக்கிறது.