சிலையைத் தொட்டவன் இரத்தம் கக்கிச் சாவானா?

சரி, அடுத்த கேள்வி. யீஷூனிலிருந்து ஒரு அக்கா அனுப்பியிருக்கிறார். "தம்பி, சாமி சிலை கடத்துகிற படங்களில் எடுத்ததும் 'உண்மைச் சம்பவம்' என்று போடுகிறார்கள். அப்புறம் பார்த்தால் சிலையைத் தொட்டவன் இரத்தம் கக்குகிறான், பாம்பு காவல் நிற்கிறது. என் மாமியார் அப்படியே நம்புகிறார். இதில் எவ்வளவு நிஜம்?" மாமியார் பக்கத்தில் இருக்கும்போது இந்த வீடியோவைப் போடாதீர்கள் அக்கா, சண்டை வந்தால் நான் பொறுப்பில்லை.

திருட்டு நிஜம். இரத்தம் கக்குவதுதான் பொய். அரியலூர் மாவட்டத்தில் ஸ்ரீபுரந்தான் என்று ஒரு ஊர், அங்கே சோழர் காலத்துச் சிவன் கோவில் ஒன்று பூசை நின்று வௌவால் அடைந்து கிடந்தது. 2006-இல் திருடர்கள் வந்து பூட்டை உடைத்து, உள்ளே இருந்த செப்புத் திருமேனிகளை எடுத்துக்கொண்டு, உடைத்த பூட்டைப் பசை போட்டு ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அவ்வளவுதான், பாம்பும் இல்லை, இடியும் இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் கோவில் பூட்டித்தானே இருக்கிறது, யார் சந்தேகப்படுவார்கள்? 2008-இல் போலீஸ் வந்து கதவைத் திறந்தபோதுதான் சாமி இல்லை என்பது ஊருக்கே தெரிந்தது. படத்தில் காட்ட வேண்டிய இடம் அந்தப் பசை போட்ட பூட்டுதான் என்பேன், ஆனால் அதற்கு யார் விசில் அடிப்பார்கள்?

அங்கே திருடுபோன நடராஜர் சிலையை 2008-இல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. அதே கோவிலின் உமா பரமேஸ்வரி எங்கே வந்தாள் தெரியுமா? இங்கேதான், சிங்கப்பூரில் நம்ம ஆற்றோரத்து ஆசிய நாகரிக அரும்பொருளகத்துக்கு. 2007-இல், ஆறரை லட்சம் அமெரிக்க டாலருக்கு. நானே நின்று பார்த்திருக்கிறேன். ஏர்கான் குளிரில், மேலே ஒரு சின்ன விளக்கு, புடவை இல்லை, பூ இல்லை, ஒரு பொட்டுக் குங்குமம்கூட இல்லை. எத்தனை அழகு என்று வாயைப் பிளந்துவிட்டு, கீழே இறங்கிக் கோப்பி குடிக்கப் போனேன். திருட்டுச் சாமி என்று எனக்கு எந்தச் சகுனமும் தெரியவில்லை அக்கா, நெஞ்சு படபடக்கவும் இல்லை.

சரி, பிடிபட்டது எப்படி? புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பல வருஷமாகக் கோவில் கோவிலாகப் போய்ச் சிலைகளைப் படம் எடுத்து வைத்திருந்தது. அந்தப் பழைய புகைப்படங்களையும் அரும்பொருளகங்கள் வெளியிட்ட படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டவர்களில் ஒருவர், இதே சிங்கப்பூரில் கப்பல் துறையில் வேலை பார்த்த எஸ். விஜயகுமார். ஆபீஸ் முடிந்து வந்து கணினி முன்னால் உட்கார்ந்து செய்கிற வேலை! நடராஜர் 2014-இல் இந்தியா திரும்பினார், உமையை 2015-இல் நாம் திருப்பிக் கொடுத்தோம். விற்ற வியாபாரி சுபாஷ் கபூர் 2011-இலேயே ஜெர்மனியில் பிடிபட்டார். 2022-இல் கும்பகோணம் நீதிமன்றம் அவருக்கு இன்னொரு கோவில் திருட்டு வழக்கில் 10 வருஷம் தண்டனை கொடுத்தது.

நம்ம ஊரிலும் இப்படி 'உண்மைச் சம்பவ'ப் படக் கதை ஒன்று உண்டு. 1981-இல் தோ பாயோவில் இரண்டு பிள்ளைகளைக் கொன்ற வழக்கு, 1988-இல் மூன்று பேரைத் தூக்கில் போட்டார்கள். அதை வைத்து 1991-இல் 'மீடியம் ரேர்', 1997-இல் 'காட் ஆர் டாக்' என்று இரண்டு படம் வந்தன. அந்த வழக்கு என்றாலே இன்றைக்கும் எல்லாரும் பேசுவது கொன்றவர்களின் ஏழாம் மாடி வீட்டில் இருந்த சாமி மேடையை, அதில் இருந்த காளியை. ஆனால் போலீஸை அந்த வீட்டு வாசலுக்குக் கொண்டுபோனது வழியெல்லாம் சொட்டியிருந்த இரத்தக் கறை. காளி என்ன செய்தாள் பாவம்? சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோவிலில் வெள்ளிக்கிழமை எலுமிச்சை விளக்கு போடுகிற அம்மாக்களை, காளி என்ற பேருக்காக ஒரு மாதிரி பார்க்கிறவர்களை எனக்குத் தெரியும். எனக்கு இந்தப் படங்கள் மேல் கோபம் வருவது அதனால்தான்.

மாமியாரிடம் வேறு கதை சொல்லுங்கள். 1976-இல் தமிழ்நாட்டில் பத்தூர் என்ற ஊரில் மண்ணுக்கடியில் கிடைத்த நடராஜர் கைமாறி கைமாறி லண்டனுக்குப் போய்விட்டார். அங்கே வழக்கு நடந்தது. வழக்குப் போட்டவர்களில் பத்தூர்க் கோவிலும் உண்டு, அங்கே இருந்த சிவலிங்கமும் உண்டு! சிலையில் ஒட்டியிருந்த மண்ணை, கரையான் மண்ணைக்கூட, ஊர் மண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1991-இல் மேல்முறையீட்டிலும் கோவிலே ஜெயித்து, சாமி இந்தியா திரும்பினார். சிவனே லண்டனில் கேஸ் போட்டு ஜெயித்தார் என்று சொல்லிப் பாருங்கள், மாமியார் பாம்பை மறந்துவிடுவார்.

அடுத்த கேள்வி, ஜூரோங்கிலிருந்து ஒரு தம்பி.