அலறும் சைலன்சரே பெரிய தொல்லை: ஒரு பட்டிமன்ற உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பொங்கல் லீவுலயும் டி.வி.யை அணைச்சிட்டு வந்து உட்கார்ந்திருக்கிற பெரம்பூர் மக்களே, எல்லாருக்கும் வணக்கம்.

"சென்னைத் தெருவுக்குப் பெரிய தொல்லை எது? அலறுகிற பைக்கா, அரவமே இல்லாமல் வரும் மின்வண்டியா?" இதுதான் தலைப்பு. அலறுகிற பைக்குதான்னு சொல்ல வந்திருக்கேன்.

எனக்கு முன்னாடி பேசின எதிரணித் தலைவி நல்லாவே பேசினாங்க, கைதட்டலும் வாங்கினாங்க. வியாசர்பாடி டிப்போவுல இருந்து வர்ற கரண்ட் பஸ் முதுகுக்குப் பின்னாடி வந்து நின்னதே தெரியலைன்னாங்க. கண் தெரியாதவங்க காதை நம்பித்தான் ரோட்டைக் கடக்கிறாங்க, அந்தக் காதுக்கு எட்டாம வர்ற வண்டிதான் குற்றவாளின்னாங்க. கடைசியா மனுநீதிச் சோழனையும் சாட்சிக் கூண்டுல ஏத்திட்டாங்க. தேர் வர்ற சத்தம் கேட்டிருந்தா கன்னுக்குட்டி பிழைச்சிருக்குமாம்.

முதல்ல சோழரை வீட்டுக்கு அனுப்பிடலாம். ஏற்கெனவே ஐகோர்ட் வளாகத்துல சிலையா நின்னுட்டிருக்கார், இங்கயும் நிக்க வைக்க வேணாம். இளவரசன் திருவாரூர் வீதியில வர்ற காட்சியைச் சேக்கிழார் எப்படிப் பாடியிருக்கார்னு எதிரணி ஒரு தடவை புரட்டிப் பார்த்திருக்கலாம். ஒரு பக்கம் வாழ்த்துப் பாடுறவங்க, இன்னொரு பக்கம் முரசும் சங்கும் முழங்குது. அத்தனை ஆரவாரத்துக்கு நடுவுலதான் தேர் வருது, அதுக்கு நடுவுலதான் கன்று துள்ளி வந்து சக்கரத்துல மாட்டுது. அந்த வீதியில அமைதி எங்க இருந்தது நடுவர் அவர்களே? சக்கரச் சத்தம் கேட்கலைன்னா, அதை அமுக்கினது முரசுச் சத்தம். சாட்சியைக் கூப்பிட்டவங்க அவங்க. சாட்சி சொல்லிட்டுப் போனது எங்களுக்கு.

இப்போ கண் தெரியாதவங்க விஷயம். இதுல கிண்டலுக்கு இடமில்லை. அவங்க சொன்னதுல பாதி நியாயம், அதை நான் ஒத்துக்கிறேன். மெதுவா வர்ற மின்சார காரும் பஸ்ஸும் காதுக்குச் சரியா எட்டாது. இருபது, முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிட்டா டயர் ரோட்டுல உரசுற சத்தமே போதும். அதுக்குக் கீழேதான் சிக்கல். அதனாலதான் பல நாடுகள்ல ஒரு ஏற்பாடு வந்திருக்கு. மெதுவா போகும்போதும் ரிவர்ஸ் எடுக்கும்போதும் வண்டியே ஒரு செயற்கை ஒலி எழுப்பணும். ஐ.நா.வோட வாகன விதிகள்ல 138-ஆவது விதி, 2016-ல நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பாவுல 2021 ஜூலைக்கு அப்புறம் விற்கிற எந்தப் புது மின்சார காரும் அந்த ஒலி இல்லாம ரோட்டுக்கு வர முடியாது. நம்ம சாலைப் போக்குவரத்து அமைச்சகமும் 2025-ல வரைவு அறிவிப்பு போட்டாச்சு. 2026 அக்டோபர்ல இருந்து புது மாடல் மின்சார கார், பஸ், லாரிக்கு, அதுக்கு அடுத்த அக்டோபர்ல இருந்து எல்லா மாடலுக்கும்னு சொல்லுது.

அந்த ஒலி எவ்வளவு இருக்கணும்? இதைத்தான் எதிரணி சொல்லாம விட்டுட்டாங்க. ஐ.நா. விதிப்படி வண்டி 10 கிலோமீட்டர் வேகத்துல போனா குறைஞ்சது 50 டெசிபெல், 20 கிலோமீட்டர்ல 56 டெசிபெல். அதுவும் ரெண்டு மீட்டர் தள்ளி மைக் வச்சு அளந்தா. கிட்டத்தட்ட நாம ரெண்டு பேர் சாதாரணமா பேசிக்கிற அளவு. காதைக் குத்தக் கூடாது, ஆனா கேட்கணும், அதுதான் கணக்கு.

இந்தப் பக்கம் பைக். 175 சிசிக்கு மேல இருக்கிற பைக்குக்குச் சட்டம் அனுமதிக்கிறது 80 டெசிபெல். அது ஏழரை மீட்டர் தள்ளி நின்னு அளக்கிறது. டெசிபெல் கணக்குல பத்து ஏறினா ஒலியோட ஆற்றல் பத்து மடங்கு ஏறும். 56-க்கும் 80-க்கும் நடுவுல இருக்கிற 24 டெசிபெல்லுக்கு ஏறக்குறைய 250 மடங்கு. நான் சொல்றது கம்பெனியில இருந்து வந்தபடியே, கை வைக்காத, நல்ல பிள்ளை பைக்கை. உள்ளே இருக்கிறதை உருவிட்டு வெறும் குழாய் மாட்டின பைக்கை இன்னும் கணக்குல சேர்க்கவே இல்லை.

அப்படி ஒரு பைக் சிக்னல்ல முறுக்கிக்கிட்டு நிக்கும்போது, பக்கத்துல கரண்ட் பஸ் தன்னோட 56 டெசிபெல்லை எழுப்பினா, கல்யாண மண்டபத்துல ஸ்பீக்கர் பாக்ஸுக்கு முன்னாடி நின்னுக்கிட்டு காதுல ரகசியம் சொல்ற கதைதான். பஸ்ஸுல கருவி இருக்கும், கருவி வேலை செய்யும், சட்டம் திருப்தியாயிடும். கைத்தடியோட நிக்கிற மனுஷருக்கு எதுவும் கேட்காது. நீங்க யாருக்காகக் கண்ணீர் விட்டீங்களோ, அவரோட காதை அடைக்கிறது எங்க அணி காட்டுற குற்றவாளி.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சென்னையில 10 இடத்துல ராப்பகலா சத்தத்தை அளக்கிற கருவி வச்சிருக்கு. நம்ம பெரம்பூர்லயும் ஒண்ணு இருக்கு, அதுல பெருமைப்பட ஒண்ணுமில்லை. இன்னொண்ணு எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில. 1819-ல ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி. சென்னையில காதை நம்பி நடக்கிற மனுஷங்க அதிகமா வந்து போற இடம் அதுவாத்தான் இருக்கும். அமைதி மண்டலம்னு அறிவிச்ச இடத்துல பகல்ல 50, ராத்திரி 40 டெசிபெல்தான் அளவு. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டைச் சுத்தி 100 மீட்டர் அப்படி இருக்கணும். 2000-ஆம் வருஷத்து விதி. இருபத்தஞ்சு வருஷமாச்சு, இந்த 80 டெசிபெல் பைக் அந்த ஆஸ்பத்திரி வாசல் வழியாவும்தான் போகுது.

எதிரணி மின்வண்டியை ஏதோ நேத்து வானத்துல இருந்து இறங்கின மாதிரி பேசுறாங்க. மெட்ராஸுக்கு மின்வண்டி புதுசா? 1895-ல இந்த ஊர்ல மின்சார டிராம் ஓடிச்சு, இந்தியாவுலயே முதல்ல இங்கதான். அம்பது வருஷத்துக்கு மேல ஓடிட்டு 1953-ல நின்னது. டிராமுக்கு இன்ஜின் உறுமல் கிடையாதே, அப்போ என்ன பண்ணினாங்க? மணி வச்சாங்க. டிரைவர் மணியடிச்சுக்கிட்டே போனார், ஜனங்க விலகினாங்க. சத்தமில்லாத வண்டிக்கு அளவா ஒரு சத்தம் கொடுக்கிறது நம்ம தாத்தா காலத்துலயே முடிஞ்சு போன வேலை. இப்போ மணிக்குப் பதிலா ஒரு சின்ன ஸ்பீக்கர், அவ்வளவுதான்.

பைக்குக்கு வர்றேன். மின்வண்டி சத்தம் போடாதது யாரும் கேட்டு வாங்கினது இல்லை, மோட்டாரோட குணம் அது. பைக் சத்தம் அப்படியா? காசு கொடுத்து வாங்குறான் சார்! கம்பெனி சைலன்சருக்குள்ள அறை அறையா தடுப்பு இருக்கும், ஓட்டை போட்ட குழாய் இருக்கும். இன்ஜின்ல இருந்து வெடிச்சு வெடிச்சு வர்ற புகை அதுல முட்டி மோதி சாந்தமாகி வெளியே வரும். எத்தனையோ இன்ஜினியர்கள் மண்டையை உடைச்சு அடக்கின சத்தத்தை, இவன் புதுப்பேட்டைக்குப் போய் ஒரே மதியத்துல அவுத்து விடுறான். அங்க ஒரு மெக்கானிக்கிட்ட கேட்டேன், "ஏன்ணே, இதை மாட்டினா பிக்கப் ஏறுமா?" அவர் ஸ்பேனரைக் கூட கீழே வைக்கலை. "பிக்கப்லாம் ஏறாதுபா. சவுண்டு ஏறும். பசங்க அதுக்குத்தான் வர்றாங்க."

அந்தப் பசங்களோட கெட்டிக்காரத்தனத்தையும் சொல்லணும். டிபி கில்லர்னு, குழாய்க்குள்ள மாட்டினா சத்தத்தைக் குறைக்கிற ஒரு சின்ன அடைப்பான். டிராஃபிக் போலீஸ் எதிர்ல இருக்கிற வரைக்கும் உள்ளே இருக்கும், தாண்டினதும் பாக்கெட்டுக்குப் போயிடும். தி.நகர் துரைசாமி சப்வே, எழும்பூர் கெங்கு ரெட்டி சப்வே இதெல்லாம் அவங்களுக்குக் கச்சேரி மண்டபம், எதிரொலிக்காகவே உள்ளே வந்து முறுக்குவாங்க. போதாததுக்கு ஓடுற வண்டியில சாவியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவாங்க. எரியாத பெட்ரோல் சூடான குழாய்க்குள்ள போய்ப் பத்திக்கும், பட்டாசு மாதிரி வெடிக்கும். பக்கத்துல ஸ்கூட்டர்ல குழந்தையை முன்னாடி நிக்க வச்சு ஓட்டுற அம்மா ஹேண்டில் பாரை விட்டுட்டா என்ன ஆகும்? இது தொல்லை மட்டுமில்லை, விபத்துக்கு அழைப்பு.

"சத்தம் பாதுகாப்புக்குத்தாங்க, லாரிக்காரனுக்கு நாங்க வர்றது தெரியணும்ல"ன்னு ஒரு வாதம் வரும். எதிரணியில இன்னும் யாரும் சொல்லலை, அடுத்து வர்றவர் சொல்லுவார்னு முகத்தைப் பார்த்தாலே தெரியுது. தம்பி, குழாய் பின்பக்கம் பார்த்து இருக்கு. பைக்காரனுக்கு ஆபத்து பெரும்பாலும் முன்னாடி, குறுக்கே திரும்புற வண்டியில இருக்கு. சத்தம் பெரும்பாலும் கடந்து போன தெருவுக்குப் போகுது. இனிமே மோத வாய்ப்பே இல்லாத ஆளை எதுக்கு எச்சரிக்கை பண்றீங்க?

எதிரணி ஒரு இடத்துல எங்களைச் சரியா பிடிச்சாங்க. வரைவு விதி கார், பஸ், லாரிக்குத்தான், மின்சார ஸ்கூட்டருக்கு இல்லைன்னு. உண்மை, அது ஓட்டைதான், அடைக்கணும். ஆனா அதுக்கு அவங்க சொன்ன உதாரணம் சாப்பாடு கொண்டு வர்ற தம்பி ராங் சைடுல வந்து இடிச்சது. ராங் சைடுல பெட்ரோல் வண்டியில வந்திருந்தாலும் இடிச்சிருப்பார். ராங் சைடுக்குத் தனியா ஒரு பட்டிமன்றம் வைங்க, நானும் வர்றேன், ரெண்டு அணியும் ஒரே பக்கம் பேசலாம்.

சட்டத்தைப் பாருங்க நடுவர் அவர்களே. மின்வண்டிக்கு சட்டம் இப்போதான் வருது, அதுக்குள்ள கம்பெனிக்காரங்க கருவியை மாட்ட ஆரம்பிச்சுட்டாங்க. பைக்குக்கு சட்டம் எப்பவோ வந்தாச்சு. மோட்டார் வாகனச் சட்டத்தோட 2019 திருத்தத்துல, சத்த விதியை மீறினா மூணு மாசம் வரை சிறை, இல்லைன்னா 10,000 ரூபாய் வரை அபராதம், இல்லைன்னா ரெண்டும். கம்பெனி கொடுத்ததை மாத்தி அமைச்சதுக்குத் தனியா வேற தண்டனை. எல்லாம் புத்தகத்துல பத்திரமா இருக்கு. ராத்திரி பதினொன்றரைக்கு பேப்பர் மில்ஸ் ரோட்டுல போறவனைப் போய்க் கேளுங்க, அவனுக்கு அந்தப் புத்தகம் தெரியுமான்னு. ஒரு பிரச்சினை சரியாகப் போற பாதையில இருக்கு. இன்னொண்ணு நம்மளைப் பார்த்துச் சிரிச்சிட்டு முறுக்கிட்டுப் போகுது. எது பெரிசு?

"சத்தம் வந்தா ஒதுங்கிடலாம், சத்தமே வரலைன்னா எப்படி ஒதுங்குறது?"ன்னு எதிரணி கேட்டதுக்குத்தான் இன்னைக்குப் பெரிய கைதட்டல். ரோட்டுல நிக்கிறவங்களுக்குச் சரி. ரயில்வே ஆஸ்பத்திரியில இதய ஆபரேஷன் முடிஞ்சு படுத்திருக்கிறவர் எந்தப் பக்கம் ஒதுங்குவார்? நைட் ஷிப்ட் முடிச்சு பகல்ல தூங்குறவங்க? பத்தாவது பரீட்சைக்குப் படிக்கிற பொண்ணு? மின்வண்டியால ஆபத்துன்னா, அது போற வழியில குறுக்கே வர்ற ஒருத்தருக்கு. இந்த பைக்கு மாதவரம் ஹை ரோட்டுல ஒரு தடவை போய் வந்தா, ரெண்டு பக்கமும் மூணாவது மாடி வரைக்கும் ஜன்னல்ல விளக்கு எரியும்.

மணியடிச்சிட்டீங்க, முடிச்சிடறேன். அடுத்து பேசப் போற எதிரணித் தம்பி சாயங்காலம் பந்தலுக்குப் பின்னாடி வந்து இறங்கினப்போ, நடுவரோட தொடக்க உரையில ரெண்டு வரி எங்க யாருக்கும் கேட்கலை. கறுப்பு பைக், பின்னாடி புது குழாய். அவர் முதல்ல அந்தக் குழாயைப் பத்தி நடுவருக்கு விளக்கம் கொடுத்துட்டு, அப்புறம் கரண்ட் பஸ்ஸைப் பத்திப் பேசட்டும். நன்றி, வணக்கம்.