கறிவேப்பிலையில் புழு இருந்தால் மருந்து அடிக்கலாமா?

பென்னாகரத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "வீட்டின் பின்பக்கம் ஓசூரிலிருந்து வாங்கி வந்த பூச்செடிகளை வைத்திருக்கிறேன். பட்டாம்பூச்சிகள் வருகின்றன, ஆனால் தங்குவதில்லை. கறிவேப்பிலையிலோ ஒரே புழு. என்ன மருந்து அடிப்பது?"

மருந்தே வேண்டாம் அம்மா. நீங்கள் ஆசைப்படுகிற பட்டாம்பூச்சிதான் அந்தப் புழு. தேன் குடிக்க எந்தப் பூவுக்கும் அவை வரும். முட்டையிடுவதற்கு ஒவ்வொன்றுக்கும் அதற்கென்று செடி உண்டு. எலுமிச்சை அழகி எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் முட்டையிடும். கொழுந்து இலையைத் திருப்பிப் பாருங்கள், வெளிர்மஞ்சள் முட்டை ஒட்டியிருக்கும். இளம்புழுவைப் பார்த்தால் பறவை எச்சம் என்றே நினைப்பீர்கள், வளர்ந்ததும் பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு கொம்புகளை நீட்டி ஒரு நாற்றத்தை விடும். எதிரியை விரட்டத்தான் அது. நம்மை ஒன்றும் செய்யாது.

நன்கு வேர்பிடித்த செடி மறுபடி துளிர்த்துவிடும். சிறு கன்றாக இருந்தால் புழுக்களை எலுமிச்சைக்கு மாற்றிவிடுங்கள். சமையலுக்குத் தனியாக ஒரு கறிவேப்பிலை வைத்துக்கொண்டால் கவலையே இல்லை.

புழுவே இல்லாத தோட்டத்தில் குருவி கூடு கட்டாது. தையல்சிட்டு குஞ்சுக்கு ஊட்டுவது பூச்சியையும் புழுவையும்தான். தேன்சிட்டும் அப்படித்தான், தான் தேன் குடித்தாலும் குஞ்சுக்குச் சிலந்தியையும் பூச்சியையும் பிடித்து வரும். நாரையும் சருகையும் சிலந்தி நூலால் ஒட்டித்தான் அது கூடு கட்டுகிறது. அதனால் வெளிச்சுவர் ஒட்டடையை அடியோடு துடைத்துவிடாதீர்கள். ஒரு முருங்கை இருந்தால் பூவுக்குத் தேன்சிட்டு தவறாமல் வரும்.

வேலியோரம் தானாக முளைத்த எருக்கை வெட்ட வேண்டாம். வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சி முட்டையிடுவது அதில்தான். பால் மட்டும் கண்ணில் பட்டுவிடக் கூடாது, குழந்தைகளிடம் சொல்லிவையுங்கள்.

உன்னிச்செடியை மட்டும் வைக்காதீர்கள். பட்டாம்பூச்சி மொய்க்கும், உண்மைதான். ஆனால் அது மத்திய, தென் அமெரிக்கப் பகுதியிலிருந்து வந்தது. பழத்தைத் தின்னும் பறவைகள் விதையைக் கொண்டுபோய்க் காட்டில் போடுகின்றன. அது நம் காடுகளில் புதராக மண்டி நாட்டுச் செடிகளை எழவிடாமல் செய்வதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

கோடையில் நிழலில் ஒரு மண்தட்டில் பறவைகளுக்குத் தண்ணீர் வையுங்கள். ஆழம் 2 அங்குலம் போதும், நடுவில் கல் போட்டால் தேனீயும் உட்கார்ந்து குடிக்கும். 2 நாளுக்கு ஒருமுறை தேய்த்துக் கழுவித் தண்ணீரை மாற்றிவிட்டால் கொசு சேராது. புதுக் கன்றுகளை ஆவணி மழை பிடித்த பிறகு நடுங்கள்.