ஃப்ரெட்லெஸ் பேஸுக்கு எந்த ஸ்ட்ரிங்? முதல்ல போர்டைப் பாருங்க

[காட்சி: மேசை மேல் நாலு ஸ்ட்ரிங் ஃப்ரெட்லெஸ் பேஸ். கேமரா மெதுவாக நெக் மேல் நகர்ந்து, ஜி ஸ்ட்ரிங்குக்குக் கீழே மரத்தில் விழுந்திருக்கும் தேய்மானத்தில் நிற்கிறது.]

இந்த இடத்தைப் பாருங்க. மரத்துல நகத்தால கீறின மாதிரி நெருக்கமா கோடு விழுந்திருக்கு. தடவிப் பார்த்தா விரல் தடுக்கும். ரவுண்ட்வுண்ட் ஸ்ட்ரிங் செஞ்ச வேலை இது. கம்பி மேல சுத்தியிருக்கற உருண்டைச் சுருள் ஒவ்வொண்ணும் ஒரு அரத்துப் பல் மாதிரி. அதை மரத்து மேல வச்சு அழுத்தி, அப்படியும் இப்படியும் இழுத்தா மரம் தேயாம வேற என்ன ஆகும்?

ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் சர்ச் கொயர்லயும் திருவிழா மேடையிலயும் கல்யாணக் கச்சேரியிலயும் பேஸ் வாசிக்கிறவங்க ஃப்ரெட்லெஸுக்கு மாறும்போது முதல்ல கேக்கறது, "எந்த பிராண்ட் நல்லா இருக்கும்?" அது மூணாவதா வர வேண்டிய கேள்வி. உங்க போர்டு, அதாவது கம்பியை அழுத்தற பலகை, என்ன மரம், மேல என்ன பூச்சு, அது முதல் கேள்வி. உங்க விரல் எந்தத் திசையில அசையுது, அது ரெண்டாவது.

[காட்சி: வீணையின் பித்தளை மெட்டு, வயலின் விரல்பலகை, ஃப்ரெட்லெஸ் பேஸ் போர்டு, மூன்றும் பக்கத்துப் பக்கத்தில்.]

வீணையில கம்பி போய் உக்காரறது பித்தளை மெட்டு மேல. சாதா பேஸ்லயும் அப்படித்தான், ஃப்ரெட்டுங்கற உலோகம் நடுவுல இருக்கு. ஃப்ரெட்லெஸ்ல உலோகமே கிடையாது. கம்பி, மரம், விரல், அவ்வளவுதான். வயலினும் இதே ஜாதி. ஆனா வயலின் கம்பி வழவழன்னு இருக்கும், கீழ இருக்கறது கருங்காலி.

கமகத்துக்கு வருவோம். வீணைக்காரங்க கம்பியை மெட்டு மேலயே பக்கவாட்டுல இழுத்து சுரத்தை ஏத்துவாங்க. ஃப்ரெட் வச்ச கிட்டாருல பெண்ட் பண்றதும் அதேதான். அந்தப் பழக்கத்தோட ஃப்ரெட்லெஸுக்கு வந்தா, ஸ்ட்ரிங் மரத்தைக் குறுக்கால அறுக்கும். வயலின்காரங்க மாதிரி விரல் நுனியை ஸ்ட்ரிங் நீளத்துக்கு முன்ன பின்ன உருட்டினா கம்பி இருந்த இடத்துலயே இருக்கும், விரல் மட்டும்தான் நகரும். தேய்மானம் பல மடங்கு குறையும். சுரமும் அப்பதான் ரெண்டு பக்கமும் அசையும். பக்கவாட்டுல இழுத்தா மேல மட்டும்தான் ஏறும். ஸ்ட்ரிங் மாத்தறதுக்கு முன்னாடி இந்தப் பழக்கத்தை மாத்துங்க, காசு மிச்சம்.

[காட்சி: நாலு வகை ஸ்ட்ரிங்கின் நெருக்கக் காட்சி.]

இப்ப வகைகள். ரவுண்ட்வுண்ட் தெரியும். அதுலயே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கடினமானது, மரத்தை வேகமா தேய்க்கும். நிக்கல் பூசினது கொஞ்சம் மெது. ரவுண்ட்வுண்டுதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கறவங்க நிக்கல் பக்கமே போங்க.

ஃப்ளாட்வுண்ட்ல சுத்தற கம்பியே பட்டையா இருக்கும், ரிப்பன் சுத்தின மாதிரி. விரலுக்கு வழவழன்னு இருக்கும், நகரும்போது வர்ற 'கிறீச்' சத்தம் கிட்டத்தட்ட இருக்காது. ஆரம்பத்துல வர்ற உலோகப் பளபளப்பு கொஞ்ச நாள்ல அடங்கி, அடிநாதம் தெளிவா நிக்கும். ரவுண்ட்வுண்டை விட விலை ஏறக்குறைய ரெண்டு மடங்கு, சிலது அதுக்கும் மேல. ஆனா ரவுண்ட்வுண்ட் ஒரு சில வாரத்துல மங்கிடும். ஃப்ளாட் வருஷக்கணக்குல ஓடும். கணக்குப் போட்டா ஃப்ளாட்தான் மலிவு.

ஹாஃப்ரவுண்ட், அதாவது ரவுண்ட்வுண்டோட மேல்பக்கத்தைச் சாணை பிடிச்சது. பேருக்கேத்த மாதிரி நடுவாந்திரம். மேடையில ரவுண்ட்வுண்ட் மாதிரி கேக்கணும், போர்டும் பிழைக்கணும்னா இது சரி.

டேப்வுண்ட்ல ஸ்டீல் மேல நைலான் பட்டை, பெரும்பாலும் கறுப்பு. நைலான் சுத்தியிருக்கே, கம்பியோட அதிர்வைப் பிடிச்சு ஆம்ப்புக்கு அனுப்பற பிக்கப் எடுக்குமான்னு சந்தேகம் வரும். எடுக்கும். காந்த பிக்கப் பார்க்கறது உள்ள இருக்கற ஸ்டீலை. எடுக்காம சொதப்பறது வேற ஒண்ணு: அக்கூஸ்டிக் பேஸுக்கு விக்கற வெண்கலம் சுத்தின செட். வெண்கலத்துக்குக் காந்தம் அசையாது, சத்தம் இளைச்சு வரும். கடையில பெட்டி மேல எழுதியிருக்கறதைப் படிச்சுட்டு வாங்குங்க.

[காட்சி: தம்புராவின் குதிரையில் நூல் வைப்பது.]

"ஃப்ளாட் போட்டா ஃப்ரெட்லெஸுக்கே உரிய அந்த 'ம்வா'ங்கற சத்தம் போயிடும்"னு பயமுறுத்துவாங்க. ம்வா எங்கிருந்து வருதுன்னு தெரிஞ்சா இந்தப் பயம் பாதி குறையும். தம்புராவுல குதிரை அகலமா, லேசா சரிஞ்ச மேடு மாதிரி இருக்கும். நூலைச் சரியான இடத்துல நகத்தினா கம்பி அந்தச் சரிவுல உரசி உரசி அதிரும், ஜீவா பிடிக்கும். ஃப்ரெட்லெஸ்ல விரலுக்கு முன்னாடி இருக்கற மரம்தான் அந்தக் குதிரை. கம்பி அதுல மெல்லிசா உரசிக்கிட்டே அதிரும்போது மேல்நாதங்கள் எழும்பி, சத்தம் வாய் திறக்கற மாதிரி விரியும்.

அப்ப ம்வாவுக்கு முதல் தேவை, கம்பி மரத்துக்குக் கிட்ட இருக்கணும், மரம் கிட்டத்தட்ட நேரா இருக்கணும். ரவுண்ட்வுண்ட்ல மேல்நாதம் அதிகம், அதனால ம்வா எடுப்பாத் தெரியும், அது உண்மை. ஆனா நெக் வில்லு மாதிரி வளைஞ்சு கிடந்தா எந்த ஸ்ட்ரிங் போட்டாலும் வராது. சரியா செட் பண்ணின நெக்குல ஃப்ளாட்டும் பேசும். பாதிப் பேர் ஸ்ட்ரிங்கைத் திட்டறது நெக்கோட குத்தத்துக்கு.

ஃப்ரெட்லெஸுக்குப் பேர் போன அமெரிக்க பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் ரவுண்ட்வுண்டுதானே போட்டார்னு கேப்பீங்க. போட்டார், ரோட்டோசவுண்ட் ஸ்விங் பேஸ் 66. ஆனா அவரோட 1962 ஃபெண்டர் ஜாஸ் பேஸ் போர்டு மேல படகுக்கு அடிக்கற எபாக்ஸியைப் பூசியிருந்தார். அந்தக் கண்ணாடி மாதிரி பூச்சு மரத்தையும் காப்பாத்துச்சு, சத்தத்தையும் கூர்மையாக்குச்சு. நம்மாளுங்க ஸ்ட்ரிங்கை மட்டும் காப்பி அடிச்சு, வெறும் ஈட்டி மரத்து மேல ஏத்திடறாங்க.

எங்க தீர்ப்பு இதுதான். பூச்சு இல்லாத ஈட்டி மரம்னா ஃப்ளாட் அல்லது டேப். நல்ல கருங்காலி, விரலை உருட்டற பழக்கம் இருக்குன்னா ஹாஃப்ரவுண்ட் அல்லது நிக்கல் ரவுண்ட். எபாக்ஸி பூசினதுன்னா எது வேணாலும். பழைய பேஸ்ல ஃப்ரெட்டைப் பிடுங்கி நீங்களே ஃப்ரெட்லெஸ் ஆக்கியிருந்தா, ஃப்ரெட் இருந்த பள்ளத்தை அடைச்ச கோடுகள் சரியா உக்காரற வரைக்கும் ரவுண்ட்வுண்ட் கிட்டயே போகாதீங்க.

[காட்சி: பெட்டிகளில் உள்ள எண்கள்.]

தடிமன். 45-100ன்னா ஜி ஸ்ட்ரிங் 0.045 அங்குலம், ஈ ஸ்ட்ரிங் 0.100 அங்குலம். மில்லிமீட்டர்ல 1.14, 2.54. டடாரியோ குரோம்ஸ் ஃப்ளாட்ல இசிபி81 இந்த அளவு. லாபெல்லா 760எஃப்எஸ் 45-105. தோமாஸ்டிக் ஜேஎஃப்344 43-100, கைக்கு ரொம்ப மெதுவா இருக்கும், விலை மட்டும் மெது இல்ல. ஃபெண்டர் டேப்வுண்ட் 9120 எடுத்தா 58, 72, 92, 110. தடிமனைப் பாத்துப் பயப்படாதீங்க. நைலான் எடை குறைவு, அதனால தடிமன் ஏறற அளவுக்கு இழுவிசை ஏறாது.

நட்டுக்கும் பிரிட்ஜுக்கும் நடுவுல கம்பி நீளம் 34 அங்குலம் இருக்கற பேஸ்ல சாதாரண 45-100 செட் நாலு கம்பியும் சேர்ந்து நெக்கை இழுக்கற பாரம் சுமார் 80 கிலோ. ஒரு ஆள் தொங்கற கணக்கு. ரெண்டு செட் பெட்டி மேல ஒரே நம்பர் இருந்தாலும் இழுவிசை ஒண்ணா இருக்காது. ஃப்ளாட்ல இடைவெளி இல்லாம உலோகம் அடைஞ்சிருக்கறதால பெரும்பாலும் அது கூட இழுக்கும். தோமாஸ்டிக் மாதிரி சிலது விதிவிலக்கு. அதனால ஸ்ட்ரிங் வகை மாத்தினா நெக் அசையும்னு முன்கூட்டியே எடுத்துக்கங்க.

மேடை விஷயம் ஒண்ணு. நம்ம ஊர் திருவிழாவுல மைதானத்துல பெரிய பெரிய சப்வூஃபர் அடுக்கியிருப்பாங்க. பழசான ஃப்ளாட்டோட அடிநாதம் அதுல போய்க் கலந்து வெறும் உறுமலாகும், எந்த சுரம்னு கேக்கறவங்களுக்குத் தெரியாது. பேஸ் நாபைக் குறைச்சு, நடு அதிர்வெண்ணைக் கொஞ்சம் ஏத்துங்க, பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பைக் கூட்டுங்க. அப்பவும் போதலன்னா ஹாஃப்ரவுண்ட் யோசிக்கலாம். சர்ச் மாதிரி மூடின கூடத்துல ஃப்ளாட் அழகா உக்காரும்.

[காட்சி: ஸ்ட்ரிங் மாற்றும் செய்முறை.]

மாத்தறப்ப ஒவ்வொண்ணா மாத்துங்க. நாலையும் ஒரே அடியா கழட்டினா 80 கிலோ பாரம் திடீர்னு போய் நெக் பின்னுக்கு வளையும், திரும்பி நிலைக்கு வர நேரம் ஆகும். பிரிட்ஜ்ல கோத்து, டியூனிங் கீ வரைக்கும் இழுத்துப் பிடிங்க. கீயைத் தாண்டி பத்து சென்டிமீட்டர் விட்டு, அந்த இடத்துல முதல்ல செங்கோணமா மடக்கணும், அப்புறம்தான் கட்டிங் பிளேயர் வைக்கணும். மடக்காம வெட்டினா, உள்கம்பி உருண்டையா இருக்கற ஸ்ட்ரிங்ல மேல்சுத்து தளர்ந்து வழுக்கும். அந்த ஸ்ட்ரிங் செத்தது. வெட்டின முனையைக் கீயோட நடுத்துளைக்குள்ள விட்டு, ரெண்டு மூணு சுத்து கீழ்நோக்கி இறங்கற மாதிரி சுத்துங்க. சுத்தும்போது கம்பி தன்னைத்தானே முறுக்கிக்கக் கூடாது. முறுக்கின கம்பியில சுரம் எங்க வச்சாலும் கோணலாத்தான் வரும்.

பாடிக்குப் பின்பக்கத்துல இருந்து கோக்கற பேஸ்னா ஃப்ளாட், டேப் ரெண்டையும் பிரிட்ஜ் வழியாவே கோத்துடுங்க. பட்டைச் சுத்து சடார்னு வளைஞ்சா அங்கயே பிளக்கும்.

டேப் போடறவங்க நட்டை, அதாவது நெக்கோட தலைப்பக்கம் கம்பி உக்காரற பள்ளம் வெட்டின கட்டையைப் பாருங்க. 45க்கு வெட்டின பள்ளத்துல 58 இறங்காது, மேல உக்காரும். உருண்டை அரத்தால, கம்பியை விடக் கொஞ்சூண்டு அகலமா, தலைப்பக்கம் லேசா சரிவா ராவணும். ரெண்டு தடவை ராவி ஒரு தடவை கம்பியை வச்சுப் பாருங்க. ஆழம் கூடிப் போச்சுன்னா திறந்த கம்பி மரத்துல மோதும். அப்ப பள்ளத்துல ஆப்பசோடாவைத் தூவி ஒரு சொட்டு ஃபெவிக்விக் விட்டா கல்லாட்டம் இறுகும், மறுபடி ராவிக்கலாம். தற்காலிக வைத்தியம்தான், நிரந்தரத்துக்கு நட்டை மாத்தணும்.

[காட்சி: ஃபில்லர் கேஜ் அளவெடுப்பது.]

அடுத்தது நெக். டூவீலர் மெக்கானிக் டேப்பட் செட் பண்ற ஃபில்லர் கேஜ் ஒண்ணு வாங்கி வச்சுக்கங்க. ஓசூர்ல எந்த டூல்ஸ் கடையிலயும் கிடைக்கும். ஈ ஸ்ட்ரிங்கை நட் ஓரத்துலயும் போர்டு முடியற இடத்துலயும் அழுத்திப் பிடிங்க. நெக்கோட நடுவுல கம்பிக்கும் மரத்துக்கும் இடைவெளி 0.1ல இருந்து 0.2 மில்லிமீட்டர் இருந்தா நல்லது. அதுக்கு மேலன்னா நெக்குக்குள்ள ஓடற ட்ரஸ் ராடுங்கற உலோகத் தண்டைக் கடிகாரச் சுத்துல கால் சுத்து இறுக்கி, பத்து நிமிஷம் விட்டு மறுபடி அளங்க. ஒரே மூச்சுல திருகித் தள்ளினா ராடு முறியும். பன்னண்டாவது ஃப்ரெட் வர வேண்டிய இடத்துல போர்டுல இருந்து கம்பியோட உயரம் ஈக்கு 2 மில்லிமீட்டர், ஜிக்கு 1.5ல ஆரம்பிச்சு, கைக்கு ஏத்த மாதிரி நகத்துங்க.

சுருதி பார்க்கறப்ப கோடு போட்ட நெக்குல விரலைக் கோட்டு மேலயே வைக்கணும், கோட்டுக்குப் பின்னாடி கிடையாது. கோடு இல்லாத நெக்குல பக்கவாட்டுப் புள்ளிதான் துணை, ஆனா அங்க ஒரு குழி இருக்கு. கம்பெனியே ஃப்ரெட்லெஸா செஞ்சதுல புள்ளி பெரும்பாலும் சுரம் இருக்கற இடத்துலயே இருக்கும். ஃப்ரெட்டைப் பிடுங்கின பேஸ்ல புள்ளி ரெண்டு சுரத்துக்கு நடுவுல இருக்கும். பன்னண்டாவது இடத்துல கம்பியை அழுத்தாம லேசா தொட்டு மீட்டற ஹார்மோனிக்கையும், அதே இடத்துல அழுத்தின சுரத்தையும் டியூனர்ல பாருங்க. அழுத்தினது ஏறி இருந்தா பிரிட்ஜ்ல கம்பி உக்காரற சாடிலைப் பின்னுக்குத் தள்ளுங்க, இறங்கி இருந்தா முன்னுக்கு.

[காட்சி: துணியால் ஸ்ட்ரிங் துடைப்பது.]

பராமரிப்பு. சித்திரை வெயில்ல தருமபுரி மேடையில ஒரு மணி நேரம் வாசிச்சா கை வேர்வையே ஒரு ஸ்ட்ரிங்கைத் தின்னுடும். இறங்கின உடனே பழைய வேட்டித் துணியால மேலயும், ஸ்ட்ரிங்குக்கு அடியிலயும் துடைங்க. ரவுண்ட்வுண்டைக் கொதிக்க வச்சு எடுத்தா கொஞ்ச நாள் உயிர் வரும். ஃப்ளாட்டுக்கும் டேப்புக்கும் அதைச் செய்யவே செய்யாதீங்க. போர்டுக்குத் தேங்காயெண்ணெய் தடவற பழக்கம் சில பேருக்கு இருக்கு. வேணாம். சிக்குப் பிடிச்சு, காறி, அழுக்கை இழுக்கும். பூச்சு இல்லாத மரத்துக்கு ஃபிங்கர்போர்டுக்குன்னே விக்கற எண்ணெய் வருஷத்துக்கு ரெண்டு தடவை, நாலு சொட்டு போதும். வெயில்ல நிறுத்தின கார் டிக்கியில பேஸை வைக்காதீங்க. ஓசூர் குளிர்ல டியூன் பண்ணிட்டு தருமபுரி வெயில்ல மேடை ஏறினா சுருதி இறங்கியிருக்கும், வாசிக்கறதுக்கு முன்னாடி மறுபடி பாத்துக்கங்க.

புது ஸ்ட்ரிங் போட்டு ஒரு வாரம் கழிச்சு இடைவெளியையும் சாடிலையும் இன்னொரு தடவை அளங்க. கம்பியும் மரமும் ஒண்ணுக்கொண்ணு பழகறதுக்கு அவ்வளவு நாள் ஆகும். கழட்டின ஃப்ளாட் செட் நல்லா இருந்தா சுருட்டி, கவர் மேல அளவையும் தேதியையும் எழுதி, கிக் பேக்லயே வச்சுடுங்க. ராத்திரி பத்து மணிக்கு பாலக்கோட்டுல கம்பி அறுந்தா பெங்களூரு கடை திறந்திருக்காது.